இதயத் தாளத்தில் கால்சியமும் ஆக்சிஜனும்

இதயத் தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும் என்பது 1883இல் லண்டனில் தெரியவந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது ஊர்க் குழாய்த் தண்ணீர். யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவராக இருந்த சிட்னி ரிங்கர், நோயாளிகளைப் பார்த்து மீந்த நேரத்தில் தவளை இதயத்தை வைத்துச் சோதனைகள் செய்துவந்தார். கீழறையைத் தனியே எடுத்து, இரத்தத்துக்குப் பதிலாக உப்புக் கரைசலைச் செலுத்தி, எந்த உப்பைக் கூட்டினால் குறைத்தால் துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பார். 1882இல் வந்த கட்டுரையில், உப்புக் கரைசலில் இதயம் நெடுநேரம் துடிப்பதாக எழுதினார்.

அடுத்த ஆண்டு அவரே அதைத் திருத்தினார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கவில்லை, நியூ ரிவர் குடிநீர் நிறுவனத்தின் குழாயில் பிடித்த நீரில் கலந்திருந்தார்கள் என்பது கட்டுரை வெளியான பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வடித்த நீரோ குழாய் நீரோ, டாக்டருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்று ஆய்வக உதவியாளர் நினைத்துவிட்டதாகப் பின்னாளில் ஒரு கதை வழங்கியது. நியூ ரிவர் என்பது 1613இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாய். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் சுண்ணக்கல் நிலத்து ஊற்றுகளிலிருந்து லண்டனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அந்த நீரைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் சுமார் 38 பங்கு கால்சியம் இருந்தது. அவ்வளவு சொற்பம் போதுமானதாக இருந்திருக்கிறது. ரிங்கர் உண்மையான வடித்த நீரில் கரைசலைத் தயாரித்துச் செலுத்தியதும் துடிப்பு தளர்ந்து நின்றுபோனது. சிட்டிகை கால்சியம் குளோரைடு சேர்த்ததும் இதயம் மீண்டும் சுருங்கத் தொடங்கியது.

அதே சோதனைகளில் இன்னொன்றையும் ரிங்கர் கவனித்தார். கால்சியம் மட்டும் இருந்தால், அல்லது அளவு மிஞ்சினால், தசை சுருங்கியபடியே இறுகுகிறது. தளர நேரம் கிடைப்பதில்லை. பொட்டாசியம் சேர்த்தால் அந்த இறுக்கம் விடுகிறது. இதயத்தை ஓட்டுகிற பொருளே அளவு தப்பினால் அதைக் குலைக்கும் என்ற உண்மை இப்படி முதல் நாளிலேயே கண்ணில் பட்டுவிட்டது. அது ஏன் என்று விளங்குவதற்கு நூறாண்டு பிடித்தது. ரிங்கரின் கரைசலில் 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட் சேர்த்தார். இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் கட்டிலுக்குக் கட்டில் தொங்கும் ரிங்கர் லாக்டேட் எனும் ஆர்.எல். பாட்டில் அதுதான். அதில் கால்சியமும் இருக்கிறது.

இதயத்தின் மின்சாரமும் சுருக்கமும் ஒன்றல்ல என்பது அடுத்து விளங்கியது. 1887இல் அகஸ்டஸ் வாலர் லண்டனில் மனித இதயத்தின் மின்னலையை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்தார். லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் இழை கால்வனோமீட்டரைக் கட்டி அந்தப் பதிவைத் துல்லியமாக்கினார்; இன்றைய ஈ.சி.ஜி. அங்கிருந்து வந்தது. 1913இல் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ், கால்சியம் இல்லாத கரைசலில் தவளை இதயம் சுருங்குவதை நிறுத்திய பிறகும் அதன் மின்னலைகள் தொடர்ந்து பதிவாவதைக் காட்டினார். மின்சாரம் கட்டளை இடுகிறது, கால்சியம் அதை நிறைவேற்றுகிறது என்ற படம் அப்போது உருவானது. சரியான படம்தான், ஆனால் பாதிதான். கால்சியம் திரும்பி வந்து மின்சாரத்துக்கே கட்டளை இடவும் கூடும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தாளக் கோளாறுகளின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த மறுபாதியைக் கண்டுபிடித்த வரலாறு.

அதற்கான தடயம் ஆய்வகத்துக்கு வெளியே, ஒரு பழைய மூலிகையில் இருந்தது. 1775இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங், ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி நீர்க்கோவைக்குக் கொடுத்துவந்த குடும்ப மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த அந்தக் கலவையில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற டிஜிட்டாலிஸ் செடி என்று கண்டுகொண்டு, பத்தாண்டுகள் நோயாளிகளிடம் பார்த்து, 1785இல் நூலாக வெளியிட்டார். அளவு மிஞ்சினால் வாந்தி வரும், பார்வை மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும், நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்கும் என்று அதிலேயே எச்சரித்தார். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகிய பொருளை இருநூறாண்டுகளுக்கு மேல் மருத்துவம் கைவிடாமல் வைத்திருந்தது. களைத்த இதயத்தை ஓங்கித் துடிக்க வைக்க அதற்கு ஈடான வேறொன்று நெடுங்காலம் கிடைக்கவில்லை.

டிஜிட்டாலிஸ் மிகுந்த உடலில் தோன்றும் தாளக் கோளாறு விசித்திரமானது. இயல்பான துடிப்புக்குப் பின்னால் ஒரு துடிப்பு ஒட்டிக்கொண்டு வரும். சிலருக்கு ஈ.சி.ஜி.யில் ஒரு துடிப்பு மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் மாறி மாறி ஓடும். இதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு என்பதற்கு 1936இல் ஒரு துயரமான சான்று கிடைத்தது. டிஜிட்டாலிஸ் கொடுக்கப்பட்டிருந்த இருவருக்கு நரம்பு வழியே கால்சியம் செலுத்தியதும் அவர்கள் இறந்ததை இரு அமெரிக்க மருத்துவர்கள் எச்சரிக்கையாகப் பதிவு செய்தார்கள். இரண்டும் ஒரே திசையில் இதயத்தைத் தள்ளுகின்றன என்பது அந்தப் பதிவின் சாரம்.

தமிழ் நிலத்துக்கு இந்த நஞ்சு அந்நியமல்ல. தமிழ்நாட்டில் மஞ்சள் அரளி என்றும் ஈழத்தில் அலரி என்றும் வேலியோரம் வளரும் செடியின் விதையில் இருப்பதும் டிஜிட்டாலிஸின் உறவுப் பொருள்தான். யாழ்ப்பாணத்தில் 1980களில் அலரி நஞ்சேறி வந்தவர்களின் எண்ணிக்கை கூடியபோது, அங்கிருந்த மருத்துவர்கள் அவர்களது இதயத் துடிப்பில் கண்ட தடங்கல்களை முறையாகப் பதிவு செய்து உலக மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார்கள். டிஜிட்டாலிஸ் வகை மருந்தான டிஜாக்சினுக்காக உருவான எதிர்ப்பொருள் மருந்து அலரி நஞ்சிலும் தாளத்தைச் சீராக்குகிறது என்பதை 2000இல் இலங்கையில் நடந்த ஆய்வு காட்டியது. வசதி குறைந்த மருத்துவமனைகளில் திரட்டிய அந்தப் பதிவுகள் இதய மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய கொடை. அதற்குரிய இடம் பாடநூல்களில் இன்னும் தரப்படவில்லை.

டிஜிட்டாலிஸ் எதைப் பிடிக்கிறது என்பது சுவிட்சர்லாந்தில் தெரிந்தது. 1953இல் ஹான்ஸ் ஷாட்ஸ்மன், சிவப்பணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் பொறியை இந்த மருந்து முடக்குகிறது என்று காட்டினார். 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ, நண்டின் நரம்பிலிருந்து அந்தப் பொறியையே அடையாளம் கண்டார். 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அந்த நொதிக்காக அவருக்கு நோபல் பரிசு வந்தபோது 1997ஆம் ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் சோடியம் பம்பு நின்றால் இதயம் ஏன் ஓங்கித் துடிக்க வேண்டும்? 1968இல் ஹரால்ட் ராய்ட்டரும் நோர்பர்ட் ஸைட்ஸும் கினிப்பன்றியின் இதயத்தில் இன்னொரு பொறியைக் கண்டார்கள். அது சோடியத்தை உள்ளே விட்டு, அதன் விசையில் கால்சியத்தை வெளியே அனுப்புகிறது. பம்பு முடங்கி உள்ளே சோடியம் தேங்கினால் இந்தப் பரிமாற்றம் மந்தமாகும். வெளியேற வேண்டிய கால்சியம் செல்லிலேயே தங்கிவிடும். விதரிங்கின் மூலிகைக்கும் ரிங்கரின் குழாய்த் தண்ணீருக்கும் இடையே கோடு இழுத்தாயிற்று.

தங்கும் கால்சியம் எங்கே போகிறது என்பதற்கான பதில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தயாராகியிருந்தது. தசைச் செல்லுக்குள் நார்களைச் சுற்றி வலைபோல் ஓடும் சவ்வுப் பைகள் கால்சியத்தை இழுத்துச் சேமிக்கின்றன என்பதை டோக்கியோவின் செட்சுரோ எபாஷியும் ஹைடல்பர்க்கின் வில்ஹெல்ம் ஹாசல்பாக்கும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே நிறுவினார்கள். சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று பெயர். இங்கே கிடங்கு என்றால் போதும். அடுத்த பத்தாண்டில் அலெக்ஸாண்டர் ஃபாபியாட்டோ, மேல்சவ்வை உரித்தெடுத்த ஒற்றை இதயச் செல்லின்மீது மிகச் சிறிய அளவு கால்சியத்தைப் பாய்ச்சி, அது கிடங்கிலிருந்து பேரளவு கால்சியத்தைத் திறந்துவிடுவதைக் காட்டினார். கால்சியமே கால்சியத்தை விடுவிக்கிறது. மின் எழுச்சியின்போது வெளியிலிருந்து கொஞ்சம் வருகிறது, அது கிடங்கின் மதகைத் திறக்கிறது, வெள்ளம் பாய்ந்து தசை சுருங்குகிறது. பிறகு மதகு மூடி, பெரும்பகுதி கிடங்குக்கே இறைக்கப்படுகிறது, மிச்சம் சோடியம்-கால்சியம் பரிமாற்றி வழியே வெளியேறுகிறது. ஓய்வில் செல்லுக்குள் இருக்கும் கால்சியம் வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இந்த ஏற்றமும் இறக்கமும் நடந்தாக வேண்டும்.

கால்சியம் மின்சாரத்துக்குத் திருப்பிக் கட்டளை இடுவதை 1973இல் முதலில் தெளிவாகப் பார்த்தார்கள். கிரிகரி ஃபெரியர் குழுவும் மைக்கேல் ரோசன் குழுவும் நாயின் இதயத்திலிருந்து எடுத்த, மின் தூண்டலைக் கடத்தும் பர்கின்ஜி இழைகளில் நுண்மின்முனையைச் செருகி, டிஜிட்டாலிஸ் வகைப் பொருளைச் செலுத்தினார்கள். பதிவுத் தாளில் மின் எழுச்சி ஏறி இறங்கி, கோடு அடித்தளத்துக்கு வந்து நின்றது. நியாயப்படி அடுத்த தூண்டல் வரை அது தட்டையாக இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் யாரும் தூண்டாமலே கோட்டில் ஒரு சிறு மேடு எழுந்தது. இழையை வேகமாகத் துடிக்க வைத்தால் மேடு உயர்ந்தது. வரம்பைத் தொட்டதும் அது முழு மின் எழுச்சியாகி, அழைக்காத துடிப்பாக வந்து நின்றது. துடிப்பு முடிந்த பிறகு வரும் இந்தப் பின்னெழுச்சிதான் டிஜிட்டாலிஸ் நோயாளிகளிடம் ஒட்டிக்கொண்டு வந்த கூடுதல் துடிப்பின் வேர்.

1976இல் ஜொனாதன் லெடரரும் ரிச்சர்ட் சியெனும் அந்த மேட்டுக்கு அடியில் செல்லுக்குள் பாயும் ஒரு மின்னோட்டத்தை அளந்தார்கள். கிடங்கு அளவுக்கு மீறி நிரம்பும்போது மதகு தானாகத் திறந்து கால்சியம் சிந்துகிறது, சிந்தியதை அப்புறப்படுத்தும் முயற்சியில்தான் இந்த மின்னோட்டம் பிறக்கிறது என்பது பின்னர் உறுதியானது. பரிமாற்றி 1 கால்சியத்தை வெளியேற்ற 3 சோடியத்தை உள்ளே விடுகிறது. கால்சியத்துக்கு மின்னேற்றம் இரண்டு, மூன்று சோடியத்துக்கும் சேர்ந்து மூன்று. சுற்றுக்கு ஒரு நேர் மின்னேற்றம் செல்லுக்குள் மிஞ்சுகிறது. செல்லைச் சுத்தம் செய்யும் வேலையே அதைத் தூண்டிவிடுகிறது. இயல்பான இதயத்திலும் இதே பரிமாற்றி இதே கணக்கில்தான் ஓடுகிறது. நேரம் தப்பி ஓடும்போது தாளம் கெடுகிறது.

அதுவரை கால்சியம் பாய்வதை எவரும் நேரில் பார்க்கவில்லை. மின்னோட்டத்தையும் சுருக்கத்தையும் வைத்து ஊகித்தார்கள். பார்க்க வைத்ததிலும் ஒரு தண்ணீர் விபத்து இருக்கிறது. 1961இல் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பரில் ஜெல்லிமீனின் ஒளிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்த ஒசாமு ஷிமோமுரா, மங்கலாக ஒளிர்ந்த சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல் நீர் அந்தத் தொட்டிக்குள் வந்துகொண்டிருந்தது. சாறு பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. கடல் நீரிலிருந்த கால்சியமே காரணம். அந்தச் சாற்றிலிருந்து பிரித்த எகுவோரின் புரதத்தை இதயத் தசைக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் ஏறி இறங்குவதை 1970களின் இறுதியில் ஒளியாகப் பதிவு செய்தார்கள். 1980களில் ரோஜர் சியென் இன்னும் கூர்மையான ஒளிர்சாயங்களைச் செய்தார். இவர் ரிச்சர்ட் சியெனின் தம்பி. அண்ணன் மின்னோட்டமாக அளந்ததை ஒளியாகக் காட்டும் கருவியைத் தம்பி தந்தார்.

ரோஜர் சியெனின் ஆய்வகத்தில் உருவான சாயம் ஒன்றை வைத்துக்கொண்டு 1993இல் ஹெப்பிங் செங், லெடரர், மார்க் கேனல் மூவரும் ஓய்விலிருக்கும் எலியின் இதயச் செல்லைக் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இருண்ட செல்லுக்குள் ஆங்காங்கே ஒளிப்புள்ளி தோன்றி, நொடியில் நூற்றில் சில பங்கு நேரத்துக்குள் அணைந்தது. தீப்பொறி என்ற பொருளில் கால்சியப் பொறிகள் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு பொறியும் மதகுகளின் ஒரு சிறு கொத்து திறந்து மூடியதன் அடையாளம். துடிப்பு என்பது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பொறிகள் ஒரே கணத்தில் எழுவது. கிடங்கு அளவாக இருக்கும்வரை ஓய்வில் தோன்றும் பொறி தன் இடத்திலேயே அடங்கிவிடும். நிறைந்து வழிந்தால் ஒரு பொறி பக்கத்து மதகைத் திறக்க, அது அடுத்ததைத் திறக்க, செல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கால்சிய அலை ஓடும். 1973இல் தாளில் தெரிந்த சிறு மேடு இந்த அலையின் மின் நிழல்.

ஆக்சிஜனின் கதை இதே ஆண்டுகளில் வேறு அறைகளில், வேறு ஆட்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மிகுந்தால் ஏற்படும் நஞ்சும் எக்ஸ்-கதிர் உடலில் செய்யும் சேதமும் ஒரே வழியில், ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளால் நடக்கின்றன என்று அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேகா கெர்ஷ்மன் 1954இல் எழுதினார். நெடுநாள் அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடு என்னும் ராடிக்கலை அழிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு நொதியைக் கண்டதும் நிலைமை மாறியது. அழிக்க ஒரு நொதியை உடல் வைத்திருக்கிறது என்றால் அந்தப் பொருள் உடலில் நாள்தோறும் உண்டாகிறது என்றுதான் பொருள். உண்டாவதும் அழிவதும் சமநிலை தவறி, உண்டாவது மிஞ்சும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்று பெயர். இதயத் தசை இடைவிடாமல் உழைப்பது. அதன் செல்களில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாவே பிடித்திருக்கிறது. அங்கே ஆக்சிஜன் எரியும்போது ஒரு சிறு பகுதி சூப்பராக்சைடாகக் கசிகிறது.

இரண்டு கதைகளும் முதலில் இரண்டு முரண்களாகச் சந்தித்தன. 1966இல் ஆம்ஸ்டர்டாமில் ஸிம்மர்மனும் ஹுல்ஸ்மனும் எலியின் இதயத்துக்குச் சில நிமிடங்கள் கால்சியம் இல்லாத கரைசலைச் செலுத்தி, பிறகு கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதயம் மீள்வதற்குப் பதிலாக இறுகிச் செத்தது. 1973இல் லண்டனில் டேவிட் ஹெர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஆக்சிஜன் இல்லாமல் வைத்த இதயத்துக்கு ஆக்சிஜனைத் திடீரென்று திருப்பிக் கொடுத்தபோது அதேபோன்ற சிதைவைக் கண்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பென்சிலினுக்காக நோபல் பெற்ற எர்ன்ஸ்ட் செயின். கால்சிய முரண், ஆக்சிஜன் முரண் என்று பெயர் பெற்ற இவை உடன்பிறப்புகள் என்பதை ஹெர்ஸ் விரைவிலேயே சுட்டிக்காட்டினார். இரண்டிலும் கடைசிச் சேதத்தைச் செய்வது செல்லுக்குள் கட்டுக்கடங்காமல் பாயும் கால்சியம்.

1980களில் இது மருத்துவமனைப் பிரச்சினை ஆயிற்று. மாரடைப்பில் அடைபட்ட நாளத்தை ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தால் கரைத்துத் திறக்கும் முறை பரவியது. உயிர் காக்கும் முறைதான், ஐயமில்லை. ஆனால் இரத்தம் திரும்பிப் பாயும் அந்தச் சில நொடிகளில் மானிட்டரில் தாளம் தடம் புரள்வதை மருத்துவர்கள் வழக்கமாகக் கண்டார்கள். நாளம் திறந்துவிட்டது என்பதற்கே அதை அடையாளமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஹெர்ஸின் குழு எலி இதயத்தில் இரத்த ஓட்டத்தை நிறுத்திப் பின் திறந்துவிட்டபோது வரும் கீழறை நடுக்கத்தை ராடிக்கல்களை அழிக்கும் நொதிகளால் குறைக்க முடிவதைக் கண்டது. அந்தக் கணத்தில் உண்மையிலேயே ராடிக்கல் பொங்குகிறதா என்ற கேள்விக்கு 1987இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே ஸ்வையர் குழு விடை தந்தது. இரத்தம் திரும்பிய சில நொடிகளில் இதயத்தை உறையவைத்து, எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியில் வைத்து, ராடிக்கல்களின் பொங்கலை நேரடியாக அளந்தார்கள்.

இருந்தாலும் ராடிக்கல் எதைத் தொட்டுத் தாளத்தைக் கெடுக்கிறது என்பது மங்கலாகவே இருந்தது. அதற்கு முதலில் மதகு என்ன என்று தெரிந்தாக வேண்டும். அதைப் பிடித்துக் கொடுத்தது டிரினிடாட் காட்டுச் செடி ஒன்று. ரையானியா ஸ்பெசியோசா என்ற அந்தச் செடியின் தண்டுப் பொடியைப் பூச்சிக்கொல்லியாக விற்றார்கள். அதன் நஞ்சை 1948இல் ரையனோடின் என்ற பெயரில் பிரித்தெடுத்தார்கள். அது கிடங்கின் மதகில் போய் இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பைத் தூண்டிலாக வைத்து 1987இல் சிட்னி ஃப்ளைஷர் குழு மதகுப் புரதத்தையே பிரித்தது. ரையனோடின் ஏற்பி என்ற அதன் பெயர் இப்படி வந்தது. ஒரே மாதிரியான நான்கு பகுதிகள் கூடியது. ஒவ்வொரு பகுதியிலும் ஏறக்குறைய 5,000 அமினோ அமிலங்கள், அவற்றில் சுமார் 90 சிஸ்டீன்கள். சிஸ்டீனில் உள்ள கந்தகம் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகும். ராடிக்கல் பட்டால் மதகு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் ஒழுகுகிறது என்பது அடுத்த ஆண்டுகளில் தெளிந்தது.

மதகு ஒழுகினால் மட்டுமே போதும், தாளம் கெடும் என்பதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருந்தது. 1978இல் பாரிசில் பிலிப் குமெல், ஓடும்போதோ பயப்படும்போதோ மயங்கி விழும் குழந்தைகள் சிலரைப் பற்றி எழுதினார். அவர்களது இதயத்தில் கட்டமைப்புக் குறை எதுவும் இல்லை. ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி. மாசற்றதாக இருக்கும். உடற்பயிற்சியின்போது மட்டும் கோடு மேலும் கீழுமாக மாறி மாறி ஓடும், அப்படியே டிஜிட்டாலிஸ் நஞ்சில் வருவதைப் போல. இந்தக் குழந்தைகள் ஒரு துளி டிஜிட்டாலிஸும் சாப்பிட்டவர்கள் அல்லர். 2001இல் இத்தாலியிலும் ஃபின்லாந்திலும் நடந்த ஆய்வுகள் ரையனோடின் ஏற்பியின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டன. அதே ஆண்டு இஸ்ரேலின் பெதூயின் குடும்பங்களில் கிடங்குக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கால்செக்வெஸ்ட்ரின் புரதத்தில் பிழை கிடைத்தது. அட்ரினலின் சுரக்கும்போது கிடங்கு கூடுதலாக நிரம்புகிறது, பிழையுள்ள மதகு அதைத் தாங்குவதில்லை. வகுப்பறையில் மயங்கி விழுந்ததால் வலிப்பு என்று வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட குழந்தைகள் பலருக்கு உண்மையான நோய் இதுதான் என்பது மருத்துவர்கள் மறக்கக் கூடாத செய்தி.

இந்த நோய்க்குக் கிடைத்த மருந்தின் கதை தனி. ஃப்ளெகெய்னைடு என்ற தாளச் சீராக்கியை மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1989இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஃப்ளெகெய்னைடோ அதன் இனமான என்கெய்னைடோ சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். கூடுதல் துடிப்புகளை அந்த மருந்து அடக்கியது, ஆனால் ஆட்களைக் காக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 2009இல், வான்டர்பில்ட்டில் பியோர்ன் நோல்மன் குழு அதே ஃப்ளெகெய்னைடு ஒழுகும் ரையனோடின் ஏற்பியைக் கட்டுப்படுத்துவதாகக் காட்டி, இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டது. ஏற்பியை அடைப்பதால் பயனா, செல்லின் வெளிச்சவ்விலுள்ள சோடிய வாயிலை அடைப்பதால் பயனா என்ற வாதம் முடியவில்லை. மருந்து மட்டும் சிகிச்சையில் நிலைத்துவிட்டது.

கால்சியக் கதையும் ஆக்சிஜன் கதையும் ஒரே மூலக்கூறில் கூடியது 2008இல். காம்கைனேஸ்-2 என்பது கால்சியம் ஏறும்போது விழித்தெழும் நொதி; மதகையும், வெளிச்சவ்வின் கால்சிய, சோடிய வாயில்களையும் பாஸ்பேட் ஒட்டி முடுக்கிவிடும். கால்சியம் இறங்கியதும் உறங்கப் போக வேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்டர்சன் குழு, அந்த நொதியின் 281, 282ஆம் இடங்களில் உள்ள மெத்தியோனின், சிஸ்டீனைப் போலவே, ஆக்சிஜனேற்றம் அடைவதைக் கண்டது. அடைந்துவிட்டால் கால்சியம் இறங்கிய பிறகும் நொதி உறங்குவதில்லை. மதகைத் திறந்துவைத்தபடி, சோடிய வாயில்கள் மூடத் தாமதிப்பதால் வரும் பிந்திய சோடிய ஓட்டத்தைக் கூட்டியபடி ஓடுகிறது. கூடிய சோடியம் பரிமாற்றியை மந்தமாக்கி, டிஜிட்டாலிஸ் செய்த அதே வேலையைச் செய்கிறது. கூடிய கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏறி மேலும் ராடிக்கல்களைக் கிளப்புகிறது. அவை மீண்டும் நொதியைத் தொடுகின்றன. எங்கே தொடங்கினாலும் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு: வாயில்கள் மூடத் தாமதித்து மின் எழுச்சி நீண்டுவிட்டால், அது இறங்கி முடிவதற்கு முன்பே கால்சிய வாயில்கள் மறுபடி திறந்து முன்கூட்டிய பின்னெழுச்சியை உண்டாக்கும்.

மேலறை நடுக்கம் எனும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த வட்டத்தை மனிதர்களிடமே காண முடிந்தது. நோய் தன்னைத் தானே வளர்க்கிறது என்பதை 1995இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் மொரிட்ஸ் வைஃபெல்ஸ் குழு ஆடுகளில் காட்டியிருந்தது: மேலறையைச் செயற்கையாக நடுங்க வைக்க வைக்க, நடுக்கம் நீண்டுகொண்டே போய், கடைசியில் நிற்காமல் ஓடியது. 1998இல் போர்தோவின் மிஷேல் ஹைசகேர், 45 நோயாளிகளில் நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் துடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புவதைக் கண்டார். இன்று அந்த வாயைச் சுட்டுத் தனிமைப்படுத்துவதே முக்கியச் சிகிச்சை. இந்த நோயாளிகளின் மேலறைச் செல்களில் கால்சியப் பொறிகள் மிகுதி என்பது 2004இலும், ஆக்சிஜனேற்றம் அடைந்த காம்கைனேஸ் மிகுதி என்பது 2013இலும் பதிவாயின. அதே 2013இல், இரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்த நொதியில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு அதை விழிக்க வைக்கிறது என்றும் தெரிந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தாளக் கோளாறு கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ராடிக்கல்தான் காரணம் என்றால் எதிர்-ஆக்சிஜனேற்றியைக் கொடுத்தால் போதாதா என்பது இயல்பான எண்ணம். மருந்துக் கடைகளில் வைட்டமின் மாத்திரைகள் அந்த எண்ணத்தில்தான் விற்கின்றன. பெரிய சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வில், நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இதய நோயிலோ மரணத்திலோ எந்தக் குறைவும் இல்லை. இதய அறுவைக்குப் பின் வரும் மேலறை நடுக்கத்தை ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் குணமும் கொண்ட கொலஸ்ட்ரால் மருந்தான ரோசுவாஸ்டாட்டின் தடுக்குமா என்று 1,922 பேரிடம் பார்த்த ஆய்வு 2016இல் இல்லை என்று முடிந்தது. காரணத்தின் ஒரு பகுதியை லெடரரின் ஆய்வகம் 2011இலேயே காட்டியிருந்தது. இரத்தம் நிரம்பி இதயச் செல் நீளும்போது, செல்லின் நுண்குழல்கள் இழுபட்டு, கிடங்கின் அருகிலேயே சிறிதளவு ராடிக்கலை உண்டாக்குகின்றன. அது மதகை மெல்லத் தட்டி, அடுத்த துடிப்புக்குத் தயாராக்குகிறது. ஆரோக்கியமான இதயம் தினமும் செய்வது இது. உடல் முழுதும் ராடிக்கலைத் துடைக்கும் மாத்திரை இந்தத் தேவையான தட்டலையும் சேர்த்துத் துடைக்கும், ராடிக்கல் மிஞ்சிய இடத்துக்கோ போதிய அளவில் போய்ச் சேராது.

ஆகவே தேடல் ராடிக்கலை விட்டு அது தொடும் புள்ளிகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒழுகும் மதகை இறுக்கும் பொருள்கள், பிந்திய சோடிய ஓட்டத்தை மட்டும் அடைக்கும் பொருள்கள், மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே போய் வேலை செய்யும் எதிர்-ஆக்சிஜனேற்றிகள், காம்கைனேஸ் தடுப்பிகள் எனப் பல சோதிக்கப்படுகின்றன. கடைசியாகச் சொன்னதில் ஒரு பெரும் தடை உண்டு. அதே நொதி மூளையிலும் ஏராளமாக இருக்கிறது, கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் அது தேவை. மூளைக்குள் நுழையாமல் இதயத்தில் மட்டும் அந்த நொதியை அடக்கும் மருந்தைத்தான் ஆய்வகங்கள் தேடுகின்றன.